வெளியிலிருந்து திறக்கும் கதவு

பெர்லின் நகரின் டெகல் சிறை. 1943 நவம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை காலை. குறுகலான ஓர் அறை. ஒரு பலகைக் கட்டில், ஒரு முக்காலி, ஒரு வாளி. அங்கே இருந்த கைதி தனியாக ஒரு சிறு வழிபாடு நடத்தி முடித்தார். பிறகு, பச்சை இலைகளால் கட்டிய ஒரு வளையத்தைச் சுவரிலிருந்த ஆணியில் மாட்டினார். அதன் நடுவே லிப்பி என்ற இத்தாலிய ஓவியர் வரைந்த இயேசு பிறப்புப் படத்தைச் செருகி வைத்தார்.

அந்த வாரம் பெர்லினுக்கு மிக மோசமான வாரம். இரவுகளில் பிரிட்டிஷ் விமானங்கள் அலை அலையாக வந்து குண்டு போட்டன. நகரின் நடுவே இருந்த கைசர் வில்ஹெல்ம் நினைவுத் தேவாலயம் எரிந்து சிதைந்தது. அப்படிப்பட்ட வாரத்தில், வளையம் மாட்டுவது ஒருவருக்கு ஏன் முக்கியமாகப்பட்டது? அன்று அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறு. அதுதான் காரணம்.

அந்தக் கைதியின் பெயர் டீட்ரிச் போன்ஹோஃபர். லுத்தரன் திருச்சபைப் போதகர். ஹிட்லருக்கு எதிரான ரகசியக் குழுவில் இருந்தவர். அந்த ஆண்டு ஏப்ரல் 5 அன்று பெற்றோர் வீட்டிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டார். வளையம் மாட்டுவதற்கு ஒரு வாரம் முன்பு, நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவர் ஒரு விஷயத்தைச் சொல்லியிருந்தார். சிறையறை வாழ்க்கையை அட்வெந்து காலத்தோடு ஒப்பிடலாம் என்பது அவர் எண்ணம். உள்ளே இருப்பவர் காத்திருக்கிறார், நம்புகிறார், நேரம் போக அதையும் இதையும் செய்கிறார். ஆனால், கதவு பூட்டியிருக்கிறது. அதை உள்ளேயிருந்து திறக்க முடியாது. வெளியிலிருந்துதான் யாராவது வந்து திறக்க வேண்டும்.

அட்வெந்து காலத்தைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் வந்துவிட்டன. இந்த ஒரு கதவைத் தாண்டிச் சொல்ல அவற்றில் அதிகம் இல்லை.

பண்டிகைக்கு முந்தைய மௌனம்

'அட்வென்டுஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு 'வருகை' என்று பொருள். கத்தோலிக்கர்கள் இதைத் திருவருகைக் காலம் என்கிறார்கள். நம் ஊர் லுத்தரன், சி.எஸ்.ஐ. சபைகளில் 'அட்வெந்து' என்ற சொல்லே புழக்கத்தில் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட காலம் இது. நவம்பர் 30-க்கு அருகில் வரும் ஞாயிறன்று தொடங்கும். திருச்சபையின் ஆண்டும் அன்றுதான் பிறக்கிறது. ஜனவரி 1-க்கு ஒரு மாதம் முன்பே கோயிலுக்குள் புத்தாண்டு வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால், இது கொண்டாட்டத்தோடு தொடங்கும் புத்தாண்டு அல்ல. பீடத்தில் ஊதா நிறத் துணி. கத்தோலிக்கக் கோயில்களில் 'உன்னதங்களிலே' என்று வானதூதர்கள் பாடிய கீதத்தை ஞாயிறு திருப்பலியில் பாடுவதில்லை. கிறிஸ்துமஸ் இரவு வரை அதற்கு ஓய்வு. மூன்றாவது ஞாயிறு மட்டும் ஊதா கொஞ்சம் இளகி ரோஜா நிறமாகும். பாதி வழி தாண்டிவிட்டோம், மகிழுங்கள் என்பதற்கு அது அடையாளம். கேரளத்தின் சீரோ மலபார் குடும்பங்களில் டிசம்பர் தொடங்கியதும் 25 நாள் நோன்பு. இறைச்சி, மீன் கிடையாது.

முதல் ஞாயிறன்று கோயிலுக்குப் போகும் குழந்தைகள் மாட்டுத்தொழுவத்தையும் மேய்ப்பர்களையும் எதிர்பார்த்துப் போவார்கள். அங்கே வாசிக்கப்படும் நற்செய்தியோ வேறு. உலக முடிவு, கடலின் இரைச்சல், எப்போது என்று தெரியாத ஒரு நேரம், தூங்காதீர்கள் என்ற எச்சரிக்கை. அடுத்த இரண்டு ஞாயிறுகளில் ஒட்டக முடி ஆடை அணிந்த திருமுழுக்கு யோவான் வந்து, வழியைச் செம்மைப்படுத்தச் சொல்லி உரத்த குரலில் கத்துவார். மரியாளும் பிறக்கப்போகும் குழந்தையும் முன்னுக்கு வருவது நான்காவது ஞாயிறில்தான். வந்துபோன ஒருவரை நினைப்பதும், இனி வரப்போகும் அவரையே எதிர்பார்ப்பதும் ஆக, இரண்டு காத்திருப்புகள் இந்த நான்கு வாரங்களில் அடங்கியிருக்கின்றன.

நடைமுறையில் இந்த நான்கு வாரங்களைக் கிறிஸ்துமஸ் விழுங்கிவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நவம்பர் கடைசியிலேயே நட்சத்திரம் தொங்குகிறது, கேக்குக்கு முன்பதிவு தொடங்குகிறது, கேரல் குழுக்கள் வீடு வீடாக வருகின்றன. டிசம்பர் 25 வரும்போது எல்லோரும் களைத்துப்போயிருக்கிறார்கள். இது நம் ஊர்க் குறை மட்டும் அல்ல, உலகம் முழுக்க இதே கதைதான்.

தினமும் ஒரு கேள்வி

போன்ஹோஃபர் ஆணியில் மாட்டிய வளையத்துக்கு ஒரு பூர்வகதை உண்டு. அது தொடங்கிய இடம் ஹாம்பர்க்.

யோஹான் ஹின்ரிக் விஹெர்ன் என்ற இளைஞர், 1833-ல் அந்த நகரத்தின் விளிம்பில் ஆதரவற்ற சிறுவர்களுக்காக 'ராவ்ஹெஸ் ஹவுஸ்' என்ற இல்லத்தைத் திறந்தார். அப்போது அவருக்கு வயது 25. துறைமுக நகரத்தின் சேரிகளில் திரிந்த பிள்ளைகளைப் பெரிய கட்டடத்தில் மந்தையாக அடைக்காமல், சிறு சிறு குடும்பங்கள் போலப் பிரித்து வளர்த்தார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் பொறுப்பாக ஒருவர் இருந்தார்.

டிசம்பர் பிறந்தால் பிள்ளைகள் தினமும் வந்து, "கிறிஸ்துமஸ் வந்துடுச்சா?" என்று கேட்டு நச்சரித்தார்களாம். இன்னும் இத்தனை நாள் என்று வாயால் சொன்னால் சின்னப் பிள்ளைகளுக்கு விளங்குமா? 1839-ல் விஹெர்ன் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து வழிபாட்டுக் கூடத்தில் தொங்கவிட்டார். அதன் விளிம்பில் 20 சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகள், 4 பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகள். வார நாளில் ஒரு சிவப்பு, ஞாயிறன்று ஒரு வெள்ளை. அந்த ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதியே ஞாயிறு. அதனால் 24-ஆம் தேதிவரை கணக்கு கச்சிதமாக வந்தது. மற்ற ஆண்டுகளில் சிவப்பு மெழுகுவர்த்திகள் கூடும், குறையும்.

அந்தப் பிள்ளைகளை நினைத்துப் பார்த்தால்தான் அந்தச் சக்கரத்தின் அருமை புரியும். பெரியவர்கள் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றி அவர்கள் பார்த்திருக்கமாட்டார்கள். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிப் போனவர்கள் திரும்பி வராத பிள்ளைகள். நாளை ஒரு விளக்கு கூடும் என்று சொல்லி, மறுநாள் அதை உண்மையாகவே ஏற்றிக் காட்டினார் விஹெர்ன். 24 நாட்கள், 24 தடவை சொன்ன சொல் நிறைவேறியது.

பின்னாளில் சக்கரத்தைச் சுற்றிப் பசுந்தழை வந்தது. வீடுகளில் வைக்கத் தோதாக வளையம் சிறுத்தது. ஞாயிறுகளுக்கான நான்கு மெழுகுவர்த்திகள் மட்டும் மிஞ்சின. புராட்டஸ்டன்ட் வீட்டு வழக்கமாக இருந்தது, 20-ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கக் கோயில்களுக்குள்ளும் நுழைந்து, இன்று கண்டம் கண்டமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. நாட்களை எண்ண ஜெர்மானியர்களிடம் இன்னொரு வழியும் இருந்தது. கதவில் சாக்பீஸால் 24 கோடுகள் போட்டு, பிள்ளைகளைத் தினமும் ஒன்று அழிக்கச் சொல்வார்கள். சிறைக் கைதிகளும் சுவரில் கோடு போடுவது உண்டு. அவர்கள் கூட்டிக்கொண்டே போகிறார்கள், பிள்ளைகள் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். இரண்டுக்கும் அதுதான் வித்தியாசம்.

சுரங்கத்தில் கேட்ட தட்டல்

போன்ஹோஃபர் அட்வெந்து காலத்தைப் பற்றி யோசித்தது சிறையில்தான் என்று நினைக்க வேண்டாம். பத்து ஆண்டுகளுக்கு முன், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த அதே 1933-ல், அவர் லண்டனில் வாழ்ந்த ஜெர்மானியர்களுக்குப் போதகராகப் போயிருந்தார். அப்போது வயது 27. டிசம்பர் 3, அட்வெந்து முதல் ஞாயிறு. அன்றைய பிரசங்கத்தில் அவர் ஒரு சுரங்க விபத்தை எடுத்துக்கொண்டார். நிலக்கரிச் சுரங்கச் சாவுகள் இங்கிலாந்து மக்களுக்கு அன்றாடச் செய்தியாக இருந்த காலம் அது.

அவர் விவரித்த காட்சி இப்படிப் போகிறது. பூமிக்கடியில் ஒரு தொழிலாளி சிக்கிக்கொள்கிறார். வழி அடைந்துவிட்டது. கத்திப் பார்க்கிறார், முட்டிப் பார்க்கிறார், ஒன்றும் ஆகவில்லை. மேலே ஆட்கள் பாடுபடுகிறார்கள் என்று தெரியும். தன்னிடம் வந்து சேர்வார்களா என்று தெரியாது. இருட்டு, நிசப்தம். திடீரென்று எங்கோ தொலைவில் தட்டும் ஓசை. பாறை உடையும் ஓசை. பிறகு ஒரு மனிதக் குரல்: எங்கே இருக்கிறாய், உதவி வருகிறது. அவ்வளவுதான், சோர்ந்து கிடந்தவர் துள்ளி எழுகிறார். இங்கே இருக்கிறேன், நீங்கள் வரும்வரை தாக்குப்பிடிப்பேன், சீக்கிரம் வாருங்கள் என்று உயிரைக் கொடுத்துக் கூவுகிறார். ஒவ்வொரு சம்மட்டி அடியும் பக்கத்தில் கேட்கிறது. அந்தத் தட்டல் ஓசைதான் அட்வெந்து செய்தி என்று போன்ஹோஃபர் முடிச்சுப் போட்டார்.

ஆயத்தம் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது வெள்ளையடிப்பதும் குடில் கட்டுவதும் முறுக்குச் சுற்றுவதும்தான். அதில் தவறு ஒன்றும் இல்லை. விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைப் பெருக்கத்தான் வேண்டும். சுரங்கத்தில் இருப்பவரால் அதெல்லாம் முடியாது. அவரால் முடிந்தது காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது, மூச்சைச் சேமிப்பது, பதில் குரல் கொடுப்பது. பக்கத்தில் இன்னொருவர் கிடந்தால், ஓசை கேட்கிறது பார் என்று அவரையும் உலுக்கி எழுப்புவது. யோவான் வனாந்தரத்தில் கத்தியதும் ஏறக்குறைய இதைத்தான்.

இந்த இடத்தில் நம் நாட்டைத் தொடும் ஒரு செய்தி. லண்டனில் இருந்த நாட்களில் போன்ஹோஃபருக்கு இந்தியா வந்து காந்தியடிகளுடன் தங்கிக் கற்க வேண்டும் என்று தீராத ஆசை. வரலாம் என்று காந்தி 1934 நவம்பரில் பதிலும் எழுதினார். ஆனால், ஹிட்லருக்குத் தலைவணங்க மறுத்த திருச்சபைப் பிரிவு, போதகர் பயிற்சிப் பள்ளி நடத்த அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. பயணம் நடக்கவில்லை.

வாசலில் நிற்காத மரம்

டெகல் சிறையில் போன்ஹோஃபர் மற்றவர்களுக்குத் தெம்பு கொடுத்தவர் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். அதற்காக எந்நேரமும் வசனம் சொல்லிக்கொண்டிருந்தவர் அல்ல. 1944 ஜனவரியில் கடுமையான குண்டுவீச்சு. எல்லோரும் தரையில் படுத்துக் கிடந்தார்கள். எப்போதும் அலட்சியமாகத் திரியும் ஒருவர் பயத்தில் கடவுளை அழைத்து முனகினார். போதகர் என்ன செய்தார்? ஜெபம் சொல்லவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் பத்து நிமிஷத்துக்கு மேல் இருக்காது என்று மட்டும் சொன்னார். மனிதன் பயந்து ஒடுங்கிய நேரத்தில் மதத்தை அவன் மேல் திணிப்பது சரியல்ல என்று அவருக்குப் பட்டது. அந்த நேரத்துக்கு அந்தப் பத்து நிமிஷக் கணக்குதான் தேவைப்பட்ட நம்பிக்கை.

அதே மனிதர்தான் 1943 கிறிஸ்துமஸுக்காகச் சக கைதிகளுக்கென்று ஜெபங்கள் எழுதினார். சிறைப் போதகர் ஹரால்டு பெல்ஹாவ் வழியாக அவை அறை அறையாகப் போய்ச் சேர்ந்தன. பெற்றோருக்கு எழுதியபோது, சத்திரத்தில் இடமில்லாமல் தொழுவத்தில் ஒரு குழந்தை பிறந்தது என்ற செய்தி, வெளியே இருப்பவரைவிடக் கைதிக்கு நன்றாக விளங்கும் என்றார். மகனுக்காக மனம் உடைந்திருந்த பெற்றோரைத் தேற்றுவதும் அந்தக் கடிதத்தின் நோக்கம்.

அவருக்கு நிச்சயமான பெண் மரியா ஃபான் வேடெமையர். வயது 19. நிச்சயதார்த்தம் முடிந்து மூன்று மாதத்துக்குள் மாப்பிள்ளை சிறைக்குப் போய்விட்டார். அந்த டிசம்பரில் மரியா ஒரு கிறிஸ்துமஸ் மரத்தைத் தூக்கிக்கொண்டு சிறைக்கு வந்தார். அது அவ்வளவு பெரிய மரம்! கட்டிலை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, பண்டிகை முழுக்க நின்றுகொண்டே இருந்தால் அறைக்குள் வைக்கலாம் என்று போன்ஹோஃபர் கேலி செய்தார். காவலர்களுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. கடைசியில் மரம் காவலர் அறைக்குப் போனது; கைதியையும் அங்கே அழைத்தார்கள்.

அடுத்த ஆண்டு, 1944 அட்வெந்து காலத்தில், அவர் டெகலில் இல்லை. அக்டோபரில் கெஸ்டபோவின் நிலவறைச் சிறைக்கு மாற்றிவிட்டார்கள். டிசம்பர் 19 அன்று மரியாவுக்கு எழுதிய கடிதத்தோடு, பெற்றோருக்கும் அவளுக்குமாக ஒரு கவிதையை இணைத்திருந்தார். இன்று ஜெர்மானியக் கோயில்களில் புத்தாண்டையொட்டிப் பாடப்படும் பாடல் அது. 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பூர்க் முகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள். போர் முடிய ஒரு மாதம்கூட இல்லை.

துணி மூட்டையில் வந்த தாள்கள்

போன்ஹோஃபர் டெகலை விட்டுப் போன அதே இலையுதிர் காலத்தில், அங்கே இன்னொரு கைதி வந்து சேர்ந்தார். ஆல்ஃபிரெட் டெல்ப், 37 வயது, இயேசு சபைக் குருவானவர். ஹிட்லருக்குப் பிறகு எப்படிப்பட்ட ஜெர்மனி வேண்டும் என்று பேசிய கிரைசாவ் வட்டத்தில் இருந்தவர். ஜூலை 28 அன்று மியூனிக்கில் காலைத் திருப்பலி முடிந்ததும் கைதானார். டெகலில் அவருக்கு அக்கம்பக்கத்து அறைவாசிகள் அதே வட்டத்து நண்பர்கள்: ஹெல்முட் ஜேம்ஸ் ஃபான் மோல்ட்கே, ஆய்கன் கெர்ஸ்டென்மையர். இருவரும் புராட்டஸ்டன்ட்.

டெல்பின் கைகளில் விலங்கு. அந்தக் கைகளாலேயே சிறு சிறு தாள்களில் எழுதினார். பெர்லினில் மரியன் ஹாபிக், மரியன் பூண்டர் என்ற இரண்டு பெண்கள் கைதிகளின் துணிகளைத் துவைத்துத் தரும் சாக்கில் சிறைக்கு வந்துபோனார்கள். அழுக்குத் துணியோடு அந்தத் தாள்கள் வெளியே வந்தன.

டிசம்பரில் அவர் எழுதியது முழுக்க அட்வெந்து காலத்தைப் பற்றித்தான். மனிதனை அடித்தளம் வரை உலுக்கும் காலம் இது என்றார். இனிப்பும் வெளிச்சமுமாக அதை அலங்கரித்து வைத்திருப்பவர்களுக்கு அவர் எழுத்து கசக்கும். வனாந்தரத்தில் கத்தும் யோவான், செய்தி கொண்டுவரும் தூதர், கருவுற்ற மரியாள் என்ற மூன்று பேரை எடுத்துக்கொண்டு, இடிபாடுகளுக்கு நடுவே இவர்கள் இன்றும் நடமாடுகிறார்கள், கேட்கக் காது வேண்டும் என்று எழுதினார். நகரம் இடிந்து கிடக்க, சாவு எதிரே நிற்க எழுதப்பட்டது என்பதால் இதற்குத் தனி எடை உண்டு.

இயேசு சபையை விட்டு விலகினால் விடுதலை என்று அவரிடம் பேரம் பேசினார்கள். டிசம்பர் 8 அன்று, பார்க்க வந்த சபைக் குரு ஒருவர் முன்னிலையில், சிறைக்குள்ளேயே சபையின் இறுதி வார்த்தைப்பாட்டைக் கொடுத்தார் டெல்ப். பேரத்துக்குப் பதில் அதுதான்.

ஜனவரியில் மக்கள் நீதிமன்றத்தில் விசாரணை. நீதிபதி ரோலண்ட் ஃப்ரைஸ்லர், குற்றவாளிக் கூண்டில் நிற்பவரைக் கத்தியே நொறுக்கும் பேர்வழி. 11-ஆம் தேதி தீர்ப்பு. டெல்புக்கும் மோல்ட்கேக்கும் மரண தண்டனை, கெர்ஸ்டென்மையருக்கு ஏழு ஆண்டு சிறை. பக்கத்துப் பக்கத்து அறைகளில் ஒரே மாதிரி காத்திருந்தவர்களில் ஒருவருக்கு மட்டும் கதவு இப்படித் திறந்தது. அவர் பிழைத்து, பிற்காலத்தில் மேற்கு ஜெர்மனியின் நாடாளுமன்றத் தலைவராக 1969 வரை இருந்தார்.

ஜனவரி 23 அன்று மோல்ட்கேவைக் கொன்றார்கள். அதே நாளில் டெல்ப் ஒரு கடிதம் எழுதினார். நண்பர் வீட்டில் அப்போதுதான் பிறந்து, தன் பெயரையே வைத்திருந்த குழந்தைக்கு. வளர்ந்த பிறகு படித்துக்கொள்ளட்டும் என்று.

பிப்ரவரி 2 அன்று ப்ளோட்சென்சே சிறையில் டெல்பைத் தூக்கிலிட்டார்கள். கத்தோலிக்கக் கோயில்களில் அது மெழுகுவர்த்திகளை மந்திரித்துப் பவனி போகும் திருநாள். ஆயுள் முழுக்கக் காத்திருந்த முதியவர் சிமியோன், குழந்தை இயேசுவைக் கையில் ஏந்தியதை நினைக்கும் நாள். மறுநாள் பெர்லின் மேல் நடந்த குண்டுவீச்சில் நீதிபதி ஃப்ரைஸ்லர் இறந்தார்.

டெல்புக்குக் கல்லறை கிடையாது. சாம்பலைக்கூடக் கொடுக்கவில்லை, தூவிவிட்டார்கள். துணி மூட்டையில் வந்த தாள்கள் மட்டும் அந்த இரண்டு பெண்களிடம் பத்திரமாக இருந்தன. போர் முடிந்ததும் அவை புத்தகமாயின.